எஸ்டிமேட்டுக்கு முன்னால் கேளுங்கள்

கரிசல் காட்டுச் சாலைகளில் போகிறவர்களுக்கு அந்த நிழற்குடைகள் பழக்கமானவை. மூன்று பக்கம் சுவர், மேலே கான்கிரீட் கூரை, உள்ளே கல் திண்டு, நெற்றியில் எந்த நிதியில் யார் கட்டிக்கொடுத்தது என்ற எழுத்து. வாசல் சாலையைப் பார்த்திருக்கும். சாலைக்குக் கிழக்கே கட்டினால் அந்த வாசல் மேற்கைப் பார்க்கும். பங்குனி, சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே இறங்கி, உட்கார முடியாத அளவுக்குத் திண்டைச் சுடவைக்கும். ஆட்கள் பின்சுவரை ஒட்டி, நிழல் விழுகிற பக்கம் தரையில் குத்தவைத்திருப்பார்கள். பஸ் சத்தம் கேட்டதும் சுற்றிக்கொண்டு ஓடிவருவார்கள். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தையோடு நிற்பவர்களும் ஓட முடியாமல் பஸ்ஸைத் தவறவிடுவார்கள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பத்தடி இடம் இருந்தால் அங்கே கட்டலாம். இல்லையென்றால் மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு வைக்கலாம், முன்னால் ஒரு வேம்பு நடலாம். பெரிய செலவில்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும், ஆடு மேய்க்கிற சிறுவன் உட்பட, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லியிருப்பார்கள். கேட்பதற்குத்தான் எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. மாதிரி வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கான எஸ்டிமேட்டும் இருக்கிறது. ஊரின் பெயரை மட்டும் நிரப்பிக்கொள்கிறார்கள்.

பேருந்து நிறுத்தம், பூங்கா, சந்தை, கழிப்பறை, ஊருணிக் கரை என்று நாம் எல்லோரும் புழங்குகிற இடங்களை உருவாக்கும்போது அங்கே புழங்கப் போகிறவர்களைக் கேட்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எப்போது கேட்பது என்பதில்தான் சிக்கல். வேலை முடிந்து, திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேர்த்து, கருத்துச் சொல்லுங்கள் என்றால் அதில் பயனில்லை. எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பெரிய மாநகரங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கப்படும் இந்த வேலையைக் கடம்பூர் போன்ற ஒரு சின்னப் பேரூராட்சியில் வைத்துப் பார்ப்போம்.

கோவில்பட்டிக்கும் வாஞ்சி மணியாச்சிக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிறது கடம்பூர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தபோது வளர்ந்த நிலையங்களில் ஒன்று. ஒரு காலத்தில் ஜமீன் ஊர். இன்று வெளியூர்க்காரர்களுக்குக் கடம்பூர் என்றால் போளி, ரயில் ஜன்னலில் வாங்கிச் சாப்பிட்ட போளி. உள்ளூர்க்காரர்களுக்கு அது கடைவீதியும் ரயிலடியும் பஸ் ஏறும் இடமும் சேர்ந்த சுற்றுப்பட்டுத் தலைமை ஊர். 12 வார்டுகள் கொண்ட பேரூராட்சி. ஆனால் அதன் வீதிகளைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த 12 வார்டுக்காரர்கள் மட்டுமல்ல. சுற்றியிருக்கிற கரிசல் கிராமங்களிலிருந்து உளுந்து, பாசி விற்கவும் உரம் வாங்கவும் ரயிலேறவும் வருகிற ஜனங்கள் பகலெல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பேரூராட்சியில் ஓட்டு கிடையாது. சின்ன ஊர்களில் மக்கள் பங்கேற்பைப் பற்றி யோசிக்கும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

மனு எழுதும் ஊர்

நம் மக்களுக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். காலிக்குடங்களோடு வருகிறார்கள், ஊரே வேன் பிடித்து வருகிறது. ஆனால் மனுவில் “எங்கள் ஊருக்குச் சுகாதார வளாகம் வேண்டும்” என்ற ஒரு வரிதான் இருக்கும். எங்கே வேண்டும், கதவு எந்தப் பக்கம் வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வரும், ராத்திரி விளக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் மனுவில் வருவதில்லை. வேண்டும் என்று சொல்வதோடு மக்களின் பங்கு முடிந்துவிடுகிறது. எப்படி என்பது அலுவலகத்தின் காரியமாகிவிடுகிறது.

அந்த அலுவலகத்திலும் நிலைமை எளிதல்ல. ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலர் இருப்பார். பொறியாளர் ஒருவரே பல பேரூராட்சிகளைப் பார்ப்பார். நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி என ஒவ்வொன்றும் ஒரு கெடுவோடு வரும். கெடுவுக்குள் எஸ்டிமேட் போட்டு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்கி, டெண்டர் விட்டு, வேலை உத்தரவு கொடுத்தாக வேண்டும். தவறினால் நிதி திரும்பிப் போகும். இந்த ஓட்டத்தில் பேவர் பிளாக் தரை, சுற்றுச்சுவர், இரும்புக் கேட், நான்கு உடற்பயிற்சிக் கருவிகள், ஒரு சறுக்குமரம் என்பதுதான் பூங்காவாக இருக்க முடியும். ஏனென்றால் அதற்கான விலைப்பட்டியல் கையில் தயாராக இருக்கிறது. இதில் பொறியாளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கேட்பதற்கு நாளும் இல்லை, கேட்டதை எழுதிவைக்கப் படிவமும் இல்லை.

இப்படி உருவான ஓர் இடத்தைப் பார்க்க கடம்பூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவில்பட்டி ஊருக்குள் அண்ணா பேருந்து நிலையம் இருக்கிறது. நெரிசலைக் குறைக்க நான்குவழிச் சாலையை ஒட்டிக் கூடுதல் பேருந்து நிலையம் கட்டினார்கள். யோசனை தவறில்லை. ஆனால் பஸ்கள் உள்ளே வந்து போக வேண்டும் என்று ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும் போராட்டம் நடத்தியும் வந்திருக்கிறார்கள். கட்டடம் ஒருபக்கம் இருக்க, பயணிகள் சர்வீஸ் ரோட்டோரம் இறங்கி ஏறுவது வாடிக்கையாகிவிட்டது. நெடுந்தூரப் பஸ் ஓட்டுநருக்கு நேரக் கணக்கு, ஊருக்குள் போக வேண்டியவருக்கு அங்கிருந்து டவுன் பஸ், ராத்திரியில் தனியாக இறங்கும் பெண்ணுக்கு வெளிச்சம். இந்த மூன்றையும் வைத்து மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இவ்வளவு மனு எழுத வேண்டியிருந்திருக்காது.

சட்டம் வந்த வழி

கிராம ஊராட்சியில் இருப்பவருக்குக் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடம்பூரை அடுத்த கிராமத்தில் இருப்பவர் இந்த நாட்களில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். ஊர் பேரூராட்சியாக இருந்தால் அந்த வாய்ப்பு கிடையாது என்பதே நீண்டகாலம் நடைமுறையாக இருந்தது. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களுக்கு வார்டு குழுக்களைக் கொண்டுவந்தது. ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் அது கட்டாயம். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைப்பது நகர உள்ளாட்சியின் வேலை என்று அதே திருத்தத்தின் 12-வது அட்டவணை சொல்லிவிட்டு, யாரைக் கேட்டு அமைப்பது என்ற இடத்தில் சின்ன ஊர்களை விட்டுவிட்டது.

தமிழ்நாட்டில், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து கிராம சபை போலக் கூட்டுகிற பகுதி சபாவுக்கும் வார்டு குழுவுக்கும் 2010-லேயே சட்டத்தில் இடம் வந்தது. விதிகள் வந்தது 2022 ஜூனில். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதன்முதலாகப் பகுதி சபாக்கள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். நகரத்தில் குடியிருப்பவரும் தெருவிளக்கு, சாக்கடை, பூங்கா பற்றித் தன் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து பேச நடைமுறையில் இடம் கிடைத்தது அன்றுதான். இது பெரிய காரியம். நம் பத்திரிகைகள் இதற்கு ஒருநாள் செய்திக்கு மேல் இடம் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதே ஆண்டு பிப்ரவரியில் மாநிலம் முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தபோது, வேட்புமனு தொடர்பான பிரச்னையில் கடம்பூர் பேரூராட்சிக்கு மட்டும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 490 பேரூராட்சிகளில் அந்த ஊர் மட்டும் செய்தியானது. ஓட்டுப் போடுவதற்கே இப்படிக் காத்திருந்த ஊரில், அதற்கு அடுத்த படியான பங்கேற்பு தானாக நடந்துவிடாது. ஆனால் அங்கேதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

பகுதி சபா விதியில் ஒரு பலவீனம் இருக்கிறது. பகுதி சபாவின் பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார். கவுன்சிலருக்கு வேண்டியவர்களே வந்து உட்கார்ந்துவிட வாய்ப்புண்டு. இன்னொரு கேள்வி பணம். கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மக்களைப் பேச அழைத்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-லிருந்து பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்புவாசிகளையே முடிவு செய்யவைத்தது. இரண்டு இடங்களிலும் பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தது. கையில் பணமில்லாத சபைக்கு ஜனங்கள் ஒருமுறை வருவார்கள், இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

எல்லோருடைய இடமா?

பொது இடம் என்றதும் பழைய ஊரைப் புகழ்வது ஒரு வழக்கம். மந்தை, சாவடி, மடம், ஊருணி, ஆலமரத்தடி என்று பட்டியல் போடுவோம். குடிமராமத்து என்று நம் கண்மாய்களைக் குடிகளே பராமரித்த முறையைச் சொல்வோம். அது உண்மைதான். மானாவாரி நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கிவைத்து வாழ்ந்த ஊர்களுக்குக் கரையையும் மடையையும் கூட்டாகப் பார்ப்பது உயிர்ப் பிரச்னை. 2017-ல் அரசு குடிமராமத்தை மீண்டும் கையிலெடுத்தபோது முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை எடுத்துக்கொண்டு, செலவில் பத்து சதவீதத்தைப் பாசனதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்று வைத்தது. ஆயக்கட்டில் நிலம் இருப்பவருக்கு அந்தச் சங்கத்தில் இடமுண்டு. அதே கண்மாய்க் கரையில் துணி துவைப்பவருக்கும் மாடு குளிப்பாட்டுகிறவருக்கும் இல்லை.

சாவடிக்குள் யார் ஏறலாம், ஊருணியில் யார் இறங்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் பழைய பொது இடங்களைப் புகழ முடியாது. இந்த வட்டாரத்தில் அது முடிந்துபோன கதையும் அல்ல. 1995 ஆகஸ்ட் 31-ல் தலித் கிராமமான கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து நடத்திய தாக்குதலுக்கு முன்னால் தென்மாவட்டங்களில் மூண்ட மோதல்கள் பஸ்ஸிலும் பஸ் நிறுத்தத்திலும் பற்றி எரிந்தவை. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு பட்டியல் சாதியினர் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது எழுந்த கலவரத்துக்குப் பிறகுதான், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. ஆகவே இங்கே ஒரு நிழற்குடையை எந்தத் தெரு முனையில் வைப்பது, ஒரு குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பது வெறும் பொறியியல் கேள்வி அல்ல. ஊர்க் கூட்டம் என்று ஒன்றைக் கோயில் முன்னால் கூட்டினால் சில தெருக்காரர்கள் வரவே மாட்டார்கள். வந்தாலும் பின்னால்தான் நிற்பார்கள். கூட்டம் நடக்கும் இடத்தைத் தேர்வதிலேயே பாதி முடிவு நடந்துவிடுகிறது. பள்ளிக்கூடம், நூலகம், அல்லது வேலை நடக்கப்போகும் அந்த வெட்டவெளி. இவற்றில்தான் கூட வேண்டும். காலனித் தெருவுக்கு அதிகாரி தனியாக நடந்துபோய்க் கேட்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் அவர்கள் வர முடியாது. தை மாதம் உளுந்தும் பாசியும் எடுக்கிற நாளில் கூட்டம் போட்டால் ஆண்களும் வர முடியாது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துப் பாருங்கள்.

செய்து காட்டியவர்கள்

நம் மாநிலத்திலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. திருச்சியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடிசைப் பகுதிப் பொதுக் கழிப்பறைகளை கிராமாலயா தொண்டு நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தன. பயன்படுத்துகிறவரிடம் சிறு கட்டணம் வாங்கி, அதில் துப்புரவு, விளக்கு, பழுது எல்லாவற்றையும் அந்தப் பெண்களே பார்த்தார்கள். கணக்கு நோட்டும் அவர்கள் கையில். குழந்தைகளுக்கென்று தனியாகச் சின்ன அளவில் கழிப்பிடம் வைத்தார்கள். பெரியவர்களுக்கான கோப்பையையும் இருட்டறையையும் பார்த்துக் குழந்தை பயப்படும், அதனால்தான் வாய்க்கால் ஓரம் போகும் என்பது தாய்க்குத் தெரியும். எந்த மாதிரி வரைபடத்திலும் அது இருக்காது.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருகிறவர் மணலைத் தாண்டிக் கடலைப் பார்க்க முடியாமல் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தினர் பல ஆண்டுகள் கேட்டார்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டுக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் கடல். அதில் போய்வந்தவர்களின் அனுபவம்தான் 2022 நவம்பர் 27-ல் திறந்த நிரந்தர மரப்பாதைக்கு அடிப்படை. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள்.

சென்னைப் பாண்டிபஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகத்துக்கு முன்னால் சோதனை ஓட்டம் நடந்தது. கார்களை நிறுத்திவிட்டுத் தடுப்பு வைத்து, ஜனங்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடுமோ என்று பயந்ததற்கு வாதத்தால் பதில் சொல்வதைவிட அப்படி நடத்திக் காட்டுவது மேல். ஆனால் அதே வீதியின் நடைபாதை வியாபாரிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு வளாகக் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டுவிட்டார்கள். நடப்பவருக்கான வீதியை வடிவமைத்தபோது அந்த வீதியில் நடப்பவரை நிற்கவைத்தவர்கள் அங்கே இல்லை.

2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பேரூராட்சிக்கும் இது பொருந்தும். ஆனால் ரயில்வே இடத்துக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. நிலையத்துக்கு வெளியே கடைவீதியில் விற்கிறவருக்குக் குழுவில் இடம் கேட்கலாம், பிளாட்பாரத்தில் போளிக்கூடையோடு நிற்பவருக்கு முடியாது. கடம்பூர் ரயிலடியைச் சீரமைப்பதென்றால் பேரூராட்சியும் ரயில்வேயும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அந்த இரண்டு வியாபாரிகளும் ஒரே கூட்டத்தில் பேச முடியும்.

மண்ணும் கொத்தனாரும்

கரிசலில் ஊர்க்காரரைக் கேட்பதற்கு இன்னொரு காரணம் மண். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கிராவல் போட்டுக் கெட்டிப்படுத்தாமல் இதன்மேல் பேவர் பிளாக் பாவினால் இரண்டே மழையில் தரை அலையலையாக எழும். சுற்றுச்சுவர் மூலையில் விரியும். எத்தனை அடியில் சுக்கான் தட்டும், எங்கே பழைய ஓடை போனது என்று உள்ளூர்க் கொத்தனாருக்குத் தெரியும். ஐப்பசியில் செருப்போடு அப்பிக்கொண்டு வரும் சேற்றைத் தாண்டி ரயிலடிக்குப் போக எந்த நூறடிக்கு நடைபாதை வேண்டும் என்று தினமும் நடக்கிறவருக்குத் தெரியும். புல்தரை இங்கே நிற்காது. வேம்பும் புங்கையும் பூவரசும் நிற்கும், முதல் இரண்டு கோடைக்கு யாராவது தண்ணீர் ஊற்றினால். யார் ஊற்றுவது என்பதைக் கூட்டத்திலேயே பெயரோடு எழுதிக்கொள்ளலாம்.

நமக்கு நாமே திட்டத்தில் பொதுப் பணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. நல்ல திட்டம். ஆனால் பணம் போட்டவர் சொன்னபடிதான் வேலை என்று ஆகிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு எந்தத் தெருவிலிருந்து வரும் என்பது ஊருக்கே தெரியும்.

கடம்பூரில் அடுத்த ஒரு வேலைக்கு, ஒரே ஒரு வேலைக்கு, இதைச் செய்து பார்க்கச் செலவு அதிகமில்லை. பஸ் ஏறும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். பொறியாளர் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அங்கே போய் நிற்கட்டும். யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யார் வரவேயில்லை என்று குறித்துக்கொள்ளட்டும். சுண்ணாம்புப் பொடியால் தரையில் நிழற்குடையின் அளவைக் கோடு போட்டுக் காட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டுவைக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து உளுந்து மூட்டையோடு வருகிறவரும் அந்தக் கோட்டுக்குள் நின்று பார்த்துச் சொல்லட்டும். பிறகு பகுதி சபாவில் வைத்து, சொன்னவை ஏற்கப்பட்டனவா, இல்லையென்றால் ஏன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். அதன்பிறகு எஸ்டிமேட்.

பேரூராட்சி இதைத் தானாகச் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் எந்த வேலையின் எஸ்டிமேட் நகலும் வரைபடமும் கிடைக்கும். பிரதிக்கு மட்டும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். எஸ்டிமேட்டைப் படித்துச் சொல்ல ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். முதலில் பார்க்க வேண்டியது அடித்தளத்துக்கு எத்தனை அங்குல கிராவல் போட்டிருக்கிறார்கள் என்பது, அடுத்தது வாசல் எந்தத் திசையில் என்பது.